தொங்கும் ஆறு

நெற்குப்பை வீட்டில் நாற்பத்தெட்டுப் பங்கு.
எனக்கு ஒன்று. அதுவும்
ஈப்போவிலிருந்து டிக்கெட் எடுத்து வந்து
கையெழுத்துப் போட்டுப் போகும் அளவுக்கு ஒன்று.
பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.

தரகர் சேவுகன் பத்தரைக்குத் தொடங்கினார்.
முதலில் மண்ணின் விலை. அப்புறம் கரையானின் பசி.
பர்மாத் தேக்கு இன்றைக்கு என்ன போகும்,
தெற்குச் சுவர் எந்த ஐப்பசியில் உட்காரும்,
விற்காமல் பிடிவாதம் பிடித்த தேவகோட்டை அண்ணன் தம்பி
இப்போது எந்தக் கோர்ட்டில் எந்த மரத்தடியில்.
நடுவில் வந்த காப்பியை
ஒரு காற்புள்ளியைப் போலக் குடித்தார்.

தமிழ் தெரியாத என் மனைவி சூ லியன்
என் காதில் நாலே சொல் சொன்னாள்:
கோ ருவோ ஷ்வேன் ஹ.

“என்ன சொல்றாக?”
சேவுகன் நிறுத்தினார், காலையிலிருந்து முதல் தடவையாக.

வாய். போல. தொங்கும். ஆறு.
இதை எப்படி அவர் முகத்துக்கு நேரே வைப்பது?
“மடை திறந்தாப்புல பேசுறீங்களாம்” என்றேன்.
அவருக்குப் பூரிப்பு. எனக்குத்தான் உறுத்தல்.

மடை என்றால் அதன் பின்னால் ஒரு கண்மாய் உண்டு,
கண்மாய்க்கு ஓர் அளவு உண்டு,
திறந்தவன் மம்பட்டியோடு கரையிலேயே நிற்பான்,
அடைக்கவும் அவன்தான்.

அவர்கள் ஆறு வேறு.
ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால்
குவோ என்றொருவர் பேசக் கேட்ட அதிகாரி சொன்னாராம்:
அந்தரத்தில் தொங்கும் ஆறு இது,
கொட்டக் கொட்ட வற்றவே மாட்டேன் என்கிறது.
பாராட்டாகத்தான் சொன்னாராம்.

“நீயும் பாராட்டினாயா?”
சூ லியன் தெற்குச் சுவரைப் பார்த்தாள்.

ஆறு என்று பேர் வைத்து மணலை ஓடவிட்டிருக்கும் சீமையில்
அன்றைக்கு, ஆவணியில், பகல் ஒரு மணிக்கு
மழை.
நாலு சரிவும் தங்களிடம் இருந்ததையெல்லாம் மூலைக்குத் தள்ள
தூம்பின் வாயிலிருந்து
நேரே முற்றத்துக்கு இறங்கியது தண்ணீர்,
நடுவில் எங்கும் தரையைத் தொடாமல்.

ஓ, இதுவா.

சேவுகன் பேசிக்கொண்டுதான் இருந்தார்.
உதடு தெரிந்தது. குரல் மழையிடம் இருந்தது.
பங்காளிகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.
பொன்னமராவதி பாங்கில் காசாளராக இருக்கும் உமையாள்,
காலையிலிருந்து வாயே திறக்காதவள்,
பித்தளை அண்டாவை இழுத்துத் தூம்பின் கீழ் வைத்தாள்.
முதலில் கணகணவென்று,
பிறகு கனத்த ஒலி,
பிறகு ஒலியே இல்லை, நிறைந்து வழிந்தது.

மழை தணிந்ததும் முந்தானையில் கை துடைத்தபடி,
“நான் கொடுக்கலை” என்றாள்.
அவ்வளவுதான்.

சேவுகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்,
கோபமே இல்லை அவருக்கு,
மறுபடி தொடங்கினார்
மண்ணின் விலையிலிருந்து.

சூ லியன் என் கையிலிருந்து பேனாவை வாங்கி
அதன் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.