நீர்க்குறி

ஸ்டோக் மார்வின் ஊராட்சிக்கு நான் எழுத்தர்.
வாரம் ஐந்து மணி நேரச் சம்பளம்.
அதில் ஒரு மணி
நாய்க்கழிவுத் தொட்டி பற்றி வரும் கடிதங்களுக்கே போய்விடும்.

வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள்
இங்கே என்ன வசதி உண்டு என்று.
தபால் அலுவலகம் உண்டு, வேனில் வரும்,
செவ்வாய் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை.
பேருந்து உண்டு, புதனன்று போகும்;
திரும்பி வர வேண்டுமானால் சனிக்கிழமை.
சிவப்புத் தொலைபேசிக் கூண்டு உண்டு.
ஒரு பவுண்டுக்கு வாங்கினோம்.
நின்ற இதயத்தைத் தட்டி எழுப்பும் கருவி இப்போது உள்ளே.
ஒரே ஒரு முறை திறந்திருக்கிறோம்,
சிலந்திவலை துடைக்க.
மதுக்கடை உண்டு, திங்களன்று இல்லை.
ஆறு உண்டு.
அதைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை.
நானாகச் சொல்வதுமில்லை.

தேவாலயத்து மேற்குச் சுவரில் மூன்று கோடுகள்.
1795, என் முழங்காலுக்கு.
1912, இடுப்புக்கு:
பாதிரியாரின் பியானோ மிதந்துபோய்
ஆலை மதகில் சிக்கி
இரண்டு நாள் கிடந்ததாம், வாத்துகள் ஏறி மிதிக்க.
1947, மார்புக்கு.
செதுக்கியவன் நான்கைத் தலைகீழாய்ப் போட்டுவிட்டான்.
இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

போன பிப்ரவரிக்கு எங்கே கோடு?
நேற்றைய கூட்டத்தில் ஏழாம் பொருள் அதுதான்.
பதினோரு பேர். தேநீர். உடைந்த பிஸ்கட்.

ரூபர்ட் டன்ஸ்டர் எழுந்தார்.
ஆற்றங்கரையில் அவர் கட்டிய ஆறு வீடுகளில்
நான்கு இன்னும் விலைபோகவில்லை.
"அலை தெறித்ததையெல்லாம் அளவில் சேர்ப்பதா?
ஒன்பது அங்குலம் இறக்கிப் போடுவோம்.
நாற்பத்தேழை மிஞ்ச வேண்டாமே."

ஒன்பது அங்குலம். ஒரு சாண்.
தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன.
தலைக்குக் கீழே நின்றுபோனதால்தான்
இத்தனை கணக்கு.

டில்லிஸ் ஹாப்கட் பேசவில்லை.
முப்பத்தொரு வருடமாகத் தோட்டத்தில்
மழையை அளந்து நோட்டில் எழுதுகிறவள்.
பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் விரித்தாள்.
அவள் கூடத்துச் சுவர்த்தாள்,
தரையிலிருந்து கூரை வரை ஒரு கீற்று.
நீலச் சிட்டுகள், வரிசை வரிசையாய்.
கீழிருந்து ஒன்பதாம் வரிசை வரை
எல்லாச் சிட்டும் சேற்று நிறம்.
"தேவாலயப் படியும் என் படியும் ஒரே மட்டம்," என்றாள்.
உட்கார்ந்தாள்.

யாரோ கேட்டார்:
காப்பீட்டுக்காரர்கள் கல்லில் உள்ளதைப் படிப்பார்களா என்ன?
கை தூக்கினார்கள். மூன்றுக்கு மூன்று.
தலைவருக்குத் திடீரென்று இருமல்.
ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன்.
எட்டாம் பொருள், பந்துவீச்சுத் திடலின் வேலி.

இன்று காலை சுவரில் நாலாவது கோடு இருந்தது.
உளியில்லை, நகப்பூச்சு.
பழுத்த பிளம் நிறம்,
ஒரு முனையில் கொஞ்சம் வழிந்து,
நாற்பத்தேழுக்கு நாலு விரற்கடை மேலே.

டில்லிஸ் நகம் வளர்க்காதவள்; மண் கிண்டும் கை.
வெயில் கொளுத்தும் இந்த ஜூன் மாதத்தில்
தபால் வேனுக்கு வரிசையில் நின்ற
திருமதி டன்ஸ்டர் மட்டும்
கையுறை போட்டிருந்தார்.
என்னைப் பார்த்து
நல்ல வெயில் என்றார்.
நல்ல வெயில்தான் என்றேன்.

அழித்துவிடச் சொல்லி டன்ஸ்டரின் மின்னஞ்சல்
ஒன்பது மணிக்கே வந்துவிட்டது.
அழிக்கத் தீர்மானம் வேண்டும்.
அடுத்த கூட்டம் செப்டம்பரில்.

அளவு நாடாவோடு போய் நின்றேன்.
கோடு என் கழுத்துப் பொத்தானுக்கு நேராக வந்தது.
எழுதிக்கொண்டேன், அங்குலத்தில்.
பிறகு ஏனோ
அந்தப் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டேன்.