கொதட்டுவ வரை ஒரு டிக்கெட்

பத்தாம் தரம், பி வகுப்பு, கொட்டாஞ்சேனை.
மின்விசிறியில் ஒரு இதழ் வளைந்திருந்தது.
சுற்றுக்கு ஒருமுறை
யாரோ உச்சுக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.

"இவ சுகிர்தா," என்றாள் பெனடிக்டா டீச்சர்,
"இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடைக் காசாளர்.
பத்து வருசமா மனசுக்கு மருந்து எடுக்கிறா.
என்ன வேணுமெண்டாலும் கேளுங்க."

ஒருவரும் கேட்கவில்லை.
முன்வாங்கில் ஒரு பிள்ளை
தன் தண்ணீர்ப் போத்தலை
என் பக்கமிருந்து ஓரங்குலம் நகர்த்தினாள்.
காணாததுபோல் சிரித்தேன்.
அது எனக்கு நன்றாக வரும்.

பிறகு ஒரு பிஸ்கட் டின் சுற்றி வந்தது,
பெயரில்லாத துண்டுகளோடு.

பைத்தியம் தொத்துமா?
தொத்தாது. பயம்தான் தொத்தும்.
அதற்கு இருமல்கூடத் தேவையில்லை.

போயா நாளில் கூடுமா?
போயாவுக்குக் கடை பூட்டு.
அன்று நான் உடுப்புத் தோய்ப்பேன்.

செய்வினையா?
அம்மாவும் அப்படித்தான் நம்பினாள்.
ஜிந்துப்பிட்டியில் ஒருவர்
ஏழு கிழமை எலுமிச்சம்பழம் வெட்டினார்.
நல்ல சாறுள்ள பழங்கள்.
ஏழு கிழமையும் நான் தூங்கவில்லை.

கலியாணம் கட்டினால் சரியாகுமா?
கட்டினேன். அவருக்கு முதுகுவலி இருந்தது.
அதுவும் சரியாகவில்லை.
(இதற்குப் பின்வாங்கு சிரித்தது.
டீச்சரும்.)

ஆளைக் குத்துவீங்களா?
எழுதி, அழித்து, திரும்ப எழுதிய துண்டு.
அழிறப்பர் தூள் இன்னும் ஒட்டியிருந்தது.
குத்துவேன், பிள்ளை.
ரசீதில் சீல். நாளைக்கு நானூறு.

"நீங்கள் ஏசுகிற சொற்களைப் பலகையில் எழுதுங்கள்" என்றேன்.
லூசு. மெண்டல். பிஸ்ஸு. கழண்ட கேஸ்.
டிலோஜன் கடைசியாகப் போய்
பெரிய எழுத்தில் எழுதினான்: அங்கொட.

"அது ஏச்சில்லையே," என்றாள் ஹிஷாமா.
"அது ஊர். எங்கட சாச்சி வீடு அங்கதான்.
முற்றத்தில ஜம்பு மரம் நிக்குது."

டிலோஜன் சோக்கைக் கையில் உருட்டியபடி நின்றான்,
அழிப்பதா, விடுவதா என்று தெரியாமல்.

அவனுக்கு உதவுவதாக நினைத்து, வாய் தவறி,
"நானும் போறேனே," என்றேன்,
"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, கிளினிக்குக்கு.
கொதட்டுவ வரைக்கும் டிக்கெட் எடுத்து
மிச்சத்தை நடப்பேன்."

"ஏன் மிஸ் நடக்கிறீங்க?"
போத்தல்காரி.

"கொண்டக்டர் பார்ப்பான்."

"பார்த்தா?"

"பஸ்ஸில மத்த ஆக்கள்..."

"பார்த்தா என்ன மிஸ்?"

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று
முதல் ஐந்து நிமிடத்தில்
நான் சொன்னதைத்தான் அவள் கேட்டாள்.
மின்விசிறி உச்சுக் கொட்டியது.
மணி அடித்தது. யார் புண்ணியமோ.

படியில் இறங்கும்போது பார்த்தேன்,
டின்னின் அடியில் ஒட்டிக்கிடந்தது இன்னொரு துண்டு:
எங்கட அண்ணா கதவு திறக்கிறதில்ல.
வீட்டில எல்லாரும் மெண்டல் எண்டுதான் கூப்பிடுறம்.
வேற எப்படிக் கூப்பிடலாம்?

திரும்ப ஏறினேன், மூன்று மாடி.
"யாரென்று தேடவேண்டாம்," என்றேன் டீச்சரிடம்.
"கிளினிக் நாளை எல்லாருக்குமாகப் பலகையில் எழுதிப் போடுங்கள்.
அதற்கு மேலே எழுதுங்கள்:
அவனுக்கு ஒரு பேர் வைத்திருப்பீர்களே."

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில்
"அங்கொட ஒன்று" என்றேன்,
தேவைக்கு அதிகமான சத்தத்தில்.
கொண்டக்டர் நிமிரவேயில்லை.
மீதியில் பத்து ரூபாய் குறைந்திருந்தது.
பக்கத்திலிருந்த பெண் பையை மடிக்கு இழுத்தாள்,
இடம் விடவா, விலகவா,
எனக்கு விளங்கவில்லை.

கொதட்டுவ வந்தது.
காலுக்குப் பழக்கம், எழும்பிவிட்டது.

இரு, என்றேன் அதற்கு.
இன்னும் வரவில்லை.