ஐஸ் கம்பெனிச் சட்டை

பாம்பன் தெற்குவாடிக் கரையில்
அறுந்த நரம்புவலைக்குள் கிடந்தது.
ஜெனோவா கத்தரியால் வெட்டி எடுத்தாள்.
சூடை என்று பேர் வைக்க மூன்று நாள்;
வீடெல்லாம் நனைய
ஒரே ராத்திரி.

அரிசி மூட்டையடி, ஜெபமேசைக் கால்,
சின்னவனின் கணக்கு நோட்டு.
பினாயில் ஊற்றினேன்.
காயுமுன்னே மறுபடி அதே இடம்.

ஒருநாள் கை ஓங்கினேன்.
அடி விழவில்லை. அதற்குள்
வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு
படுத்தபடியே போனது.
ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
துடைக்கத் துணி தேடுகிறவன்போல்
திரும்பிக்கொண்டேன்.

மண்டபத்து மாட்டு டாக்டர்
நோயில்லை என்றார், பொறுங்கள் என்றார்.

ஜெனோவாதான் கண்டுபிடித்தாள்:
“உங்க சட்டை தொங்குற மூலையிலதான் அதிகம் பெய்யுது.
ஐஸ் கம்பெனி அமோனியாவும்
மூத்திர நாத்தமும் ஒண்ணுதானே.
வேற நாய் இருக்குன்னு நெனைக்குது.”

பதினெட்டு வருஷம்
அந்த நாத்தத்துக்குப் பக்கத்தில் படுத்தவள்
இன்றுதான் சொல்கிறாள்.

சட்டை இப்போது வெளியே, உடைமரத்தில்.
தரைக்கு வினிகர்.
கச்சான் இரையும் மூன்று மணிக்குக்
கதவைப் பிறாண்டுகிறது சூடை.
மணலில் நின்று, கண் சொருகி,
நெடுநேரம்.

சற்றுத் தள்ளி
நானும்.