ஆரியா

கேள்வி எண் ஏழு: விழுந்த உயரம்.

அடியிலா மீட்டரிலா என்று போடவில்லை.
இன்சூரன்ஸ் பையன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
காத்திருக்கிறான்.
கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
விசிறிக்கொள்ள அந்தப் படிவத்தையே கேட்கலாம் போலிருந்தது.

பதினொரு படி, என்றேன்.
பன்னிரண்டாவது இல்லை.

அதோடு இதையும் எழுதிக்கொள் தம்பி:
கடலூருக்குக் கப்பல் வரும், கரைக்கு வராது.
தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும்.
நாங்கள்தான் போவோம், பார்ஜில், விடியுமுன்,
உப்பனாற்று வாயில் மணல்திட்டு அடிவயிற்றை உரச.

யூரியா. ஈரக்காற்று பட்டால் கசியும்.
ஏணிப்படி எல்லாம் கஞ்சி கொட்டியது மாதிரி.
என் வேலை இறங்குவது இல்லை.
மேலே நின்று, கிணறு மாதிரி இருக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்து
வின்ச்சுக்கார சவரிநாதனுக்குக் கை காட்டுவது.
உள்ளங்கை வானம் பார்த்தால் ஆவேஸ், தூக்கு.
தரை பார்த்தால் ஆரியா, இறக்கு.
விரல் மட்டும் அசைந்தால்
மெதுவாக, இன்னும் மெதுவாக.
பத்தொன்பது வருஷம்.
ஒரு மூட்டை என் கையால் கீழே விழுந்ததில்லை.

அன்றைக்குக் கொக்கி சிக்கிக்கொண்டது. ஆள் போதவில்லை.
இறங்கினேன்.

படி இல்லை என்பது
முதலில் காலுக்குத்தான் தெரிந்தது.
எனக்கு அப்புறம் சொன்னது.

யாரும் ஆரியா சொல்லவில்லை.

கணக்கர் மேலிருந்து கேட்டது காதில் விழுந்தது:
"எத்தனை மூட்டை உடைஞ்சுது?"
மூன்று. அதை எழுதியிருப்பார்கள், தேடிப் பார்.

என்னை ஏற்றியதும் அதே வலைதான்,
மூட்டை ஏற்றுகிற வலை.
கை காட்ட ஆளில்லாமல் சவரிநாதன் திகைத்து நிற்க
உள்ளே படுத்தபடி நானே காட்டினேன்.
இடுப்புக்குக் கீழே எதுவும் கேட்கவில்லை;
உள்ளங்கை மட்டும் வானம் பார்த்தது.

பையன் கொஞ்ச நேரம் எழுதவில்லை.
பிறகு எழுதினான்: சுமார் பதினெட்டு அடி.
சுமாரை அடி, என்றேன்.
அடித்தான்.

சிங்காரத்தோப்புக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டாம் மாடி.
நான் தெருவைத் தொட்டு ஐந்து மாதம்.
கும்மிருட்டு மாடிப்படியில்
பையை மார்போடு அணைத்துக்கொண்டு
அவன் தடவித் தடவி இறங்கும் சத்தம்.
திருப்பத்தில் ஒரு படி உடைந்திருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன்.

கட்டிலில் என் கை
தானாகக் கவிழ்ந்தது.
விரல் மட்டும் அசைந்தது.