மூன்று மாதப் பாக்கி

ஆ கியோங்குக்கு வந்த கடிதத்தில்தான்
எல்லாம் மறுபடி தொடங்கியது.
செந்தூல், பதினான்காம் மாடி.
பராமரிப்புக் கட்டணம் மூன்று மாதப் பாக்கி.
சிவப்பு எழுத்தில் தலைப்பு: கடைசி நோட்டீஸ்.
கீழே, நிர்வாகி என்ற இடத்தில்
புவனேந்திரனின் கையெழுத்து.

கடைசி நோட்டீஸ் எங்கள் குழுவின் பெயர்.
தொண்ணூற்றாறில் அதை வைத்தவனும் அவன்தான்.
இதே இடத்தில் அப்போது புறம்போக்கு வீடுகள்.
கதவில் மாநகர் மன்றம் ஒட்டிய தாளைக் கிழித்து
அதன் முதுகில் பாட்டு எழுதுவான்.
ஒரே ஒரு கேசட், முந்நூறு பிரதி.
பி பக்கத்தில் பாதிக்கு மேல்
ஜெஃப்ரியின் டிரம் மட்டும்தான் கேட்கும்.

ஆ கியோங் செந்தூல்காரன், தமிழில்தான் திட்டுவான்.
போன் போட்டு ஐந்து நிமிஷம் சிரித்தான்.
பிறகு, "கித்தார் இன்னும் இருக்குலா" என்றான்.

ஜாலான் ஈப்போ, டயர் கடைக்கு மேலே ஓர் அறை.
ஜெஃப்ரி வரவில்லை.
ஜொகூரில் இடுப்பு வலியோடு கோழி விற்கிறான்.
அவன் இடத்தில் ஹிதாயா,
எங்கள் கேசட்டைவிட இளையவள்.
ஒரு தடவைகூடத் தாளம் பிசகவில்லை.
முதல் வாரம் முழுக்க எங்களுக்கு அதுதான் சங்கடம்.

பாடக் கோகிலவாணி.
பெயரில் குயில், தொண்டையில் மணல் லோரி.
பகலெல்லாம் பல் கிளினிக் முகப்பில் உட்கார்ந்து
வந்தவரிடமெல்லாம் மெதுவாகப் பேசிச் சேமித்ததை
எட்டு மணிக்கு மேல் மைக்கில் செலவழிப்பாள்.

நான் பேஸ். அன்றும் நான்தான்.
நான்கு கம்பி, தொடுவது இரண்டு.
இப்போது அதற்கும் மூக்குக்கண்ணாடி.

கீழே சக்கரத்து நட்டு கழற்றும் மெஷின் கத்தும்.
ஏழாவது பாட்டில் அதுவும் இருக்கிறது.
சுருதி சேருது, விடுங்கள் என்றாள் ஹிதாயா.

பழைய பாட்டு ஒன்றையும் சேர்த்தோம்.
'நாங்கள் போகமாட்டோம்.'
நான்கு வரி, நான்கும் அதே வரி.
கோகிலவாணி நாம் என்று பாடினாள்.
வாய்க்கு அதுதான் வந்ததாம்.
பின்குரலில் நான், முப்பது வருஷப் பழக்கத்தில், நாங்கள்.
அவள் ஓரசையில் முடித்துவிட்டுப் போக
ஓரசை பாக்கியோடு
நான் பின்னால் ஓடி வருகிறேன்.
'மாட்டோ'மில்தான் இருவரும் சேர்கிறோம்.
உள்ளே யார், வெளியே யார் என்று
அந்தச் சொல் மட்டும் கேட்பதில்லை.

அட்டைப்படத்துக்கு அந்தக் கடிதத்தையே போட்டோம்,
கையெழுத்தோடு.
வழக்குப் போடுவான் என்று காத்திருந்தோம்.

வெளியான மறுநாள், ராத்திரி பதினொன்று.
கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"நாங்கள்னுதானே எழுதினேன்" என்றான்.
"நாம்னா எதிர்ல நிக்கிறவனும் சேர்ந்துடுவான்.
வீட்டை இடிக்க வந்தவனும்."

அந்த நாங்களில் இப்போது யார் என்று
நான் கேட்டிருக்கலாம்.
ஜெஃப்ரி இல்லை. நீ இல்லை.
அந்தக் கதவுகளே இல்லை.
அவன் பக்கம் லிஃப்ட் திறக்கும் மணி அடித்தது.
இந்நேரத்துக்கும் வேலையில்தான் இருக்கிறான்.
கேட்கவில்லை.

"பின்னால ஒரு குரல் மட்டும் சரியாப் பாடுது.
யாரு அது?"
"நான்தான்டா."
"சுருதி இன்னும் சேரல" என்று வைத்துவிட்டான்.

வெளியீட்டுக்கு அறுபது பேர் வந்தார்கள்,
டயர் கடை முதலாளியையும் சேர்த்து.
விற்ற காசில் ஆ கியோங் இரண்டு மாதம் கட்டினான்.
மூன்றாவதை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறான்.
இன்னொரு கடிதம் வரட்டுமாம்.