பாதிக் காற்று

கொராட்டாவுக்கு ஏழாம் மாதம்.
ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே
இனி ஒரு உள்ளங்கைகூட நுழையாது.
அதனால்தான் நான்.

ஹுகுன்ட்சி ஆஸ்பத்திரியில் நர்சுகள் ஆறு பேர்.
லைசென்ஸ் இருந்தது என்னிடம் மட்டும்.
அதுவும் காபரோனில்
சிக்னலுக்குச் சிக்னல் பணிந்து வாங்கியது.

"கட்டை விரலை வெளியே வை" என்றாள் முதலில்.
"வளையத்துக்குள் சுற்றிப் பிடிக்காதே.
புதைந்த வேர் ஒன்று சக்கரத்தை உதைத்தால்
ஸ்டியரிங் சுழன்று எலும்பை முறிக்கும்."
எத்தனையோ கட்டை விரல்களுக்கு
மாவுக்கட்டுப் போட்டிருக்கிறேன்.
எப்படி ஆச்சு என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

ஊரின் கடைசிக் கழுதையைத் தாண்டியதும்
நிறுத்தச் சொன்னாள்.
"இறங்கு. காற்றையும் இறக்கு."

குச்சியால் வால்வை அழுத்தினேன்.
டயர் என் முகத்தில் சீறியது.
பன்னிரண்டு வருடமாக
அழுத்தம் அளப்பதுதான் என் பிழைப்பு.
கூடினால் மாத்திரை, குறைந்தால் ஓட்டம்.
இவளோ நான்குக்கும் பாதியாக்கு என்கிறாள்,
ஏதோ சுகர் குறைக்கச் சொல்வதுபோல.

நிமிர்ந்த டயர் மணலுக்குக் கத்தியாம்.
தளர்ந்தது ஒட்டகப் பாதமாம்.
ட்சபோங்காரி. ஒட்டகம் பார்த்து வளர்ந்தவள்.

நான்காவது கிலோமீட்டரில் பயந்தேன்.
பயந்தவன் கால் பிரேக்குக்குத்தான் போகும்.
போயிற்று.
நின்ற அவமானத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.
உறுமி உறுமித் தன் குழியைத்
தானே தோண்டிக்கொண்டது வண்டி.
நுணலும் தன் வாயால்.

அவள் எதுவும் சொல்லவில்லை.
கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்து இறங்கி,
முள்மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து
உப்புக்கண்டம் கடித்தாள்.
மண்வெட்டி இருக்கும் இடத்தைத்
தாடையால் காட்டினாள்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.
அச்சின் மேல், சைலன்சர் குழாயின் மேல்
பஞ்சுபோல் சுற்றியிருந்தது காய்ந்த புல்.
"அதையும் பிடுங்கு" என்றது நிழல்.
"உக்வி போகும் வழியில்
கருகின வண்டி ஒன்று நிற்கும், பார்ப்பாய்.
அதை ஓட்டியவன் நல்ல டிரைவர்."

மணலை வாரினேன். வார வார வந்தது.
"முன்னால் போகப் பார்க்காதே.
வந்த தடத்திலேயே பின்னால் வா."
வந்தேன்.
என் வாழ்க்கையில் இதுவரை
இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சந்தோஷமாக
பின்வாங்கியதில்லை.

பிறகு இரண்டாம் கியர்.
தடம் இழுக்கிற பக்கம் போக விடு,
கொஞ்சம் பொறு, விட்டுப் பிடி.
ஒவ்வொரு மேட்டிலும் அவள் கை வயிற்றுக்குப் போகும்.
"உதைக்கிறான். வேகம் அதிகம்."
நர்சாக நான் அவளைத் தடுத்திருக்க வேண்டும்.
டிரைவராக அவள் என்னை ஏசிக்கொண்டிருந்தாள்.
இரண்டு வேலைக்கும் அன்று ஆள் அவள்தான்.

மூன்று வாரம் கழித்துத் தனியாகப் போனேன்.
பின்சீட்டில் ஐஸ்பெட்டி,
அதற்குள் இருபத்தொரு குழந்தைகளின் தடுப்பூசி.
கருகின வண்டி நின்றது.
அதன் ஜன்னலில் ஒரு குருவி
ஏதோ காரியமாகப் போய்வந்துகொண்டிருந்தது.
இறங்கி என் வண்டிக்கு அடியில் பார்த்தேன்.
புல் பிடுங்கினேன். ஏறினேன்.
மறுபடி இறங்கிப் பார்த்தேன்.

திரும்பி வந்து தார் தொடங்கும் இடத்தில்
கம்ப்ரசரை மாட்டினேன்.
ஒரு டயருக்கு எட்டு நிமிடம்.
இருட்டுகிறது, மோட்டார் இரைகிறது,
வண்டி கொஞ்சம் கொஞ்சமாக
உத்தியோகஸ்தன் மாதிரி நிமிர்கிறது.

போனுக்கு உயிர் வந்தது. கொராட்டா:
"எத்தனை தடவை புதைந்தாய்?"
இரண்டு என்று தட்டினேன்.
அழித்துவிட்டு மூன்று என்று அனுப்பினேன்.

சாலை வழுவழுவென்று கிடந்தது.
ஒரு வேரில்லை, ஒரு குழியில்லை.
ஆஸ்பத்திரி விளக்கு தெரியும்வரை
கட்டை விரல்கள் இரண்டும்
உள்ளே வர மாட்டேன் என்றன.