பகலில் பச்சை

ராத்திரி மூன்று மணி.
விளக்கைப் போடாதே என்றான் சிவனு.
முழங்கால் வரை ஓயாக்கரைச் சேறு.
என் உள்ளங்கையில் எதையோ வைத்து
விரல்களை மடக்கினான்.
"சிவப்பு. நாவல் பழத்தைக் கடிச்ச மாதிரி."
இருட்டில் நான் கண்டது
அதன் குளிர்ச்சியை மட்டும்.

கல் கிடக்கும் சரளை மண்ணுக்கு
இல்லம் என்று பெயர்.
பொகவந்தலாவையில் எங்களுக்குக்
காம்பிரா உண்டு, இஸ்தோப்பு உண்டு.
இல்லம் மட்டும்
பன்னிரண்டு அடி தோண்டினால்தான்.
அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம்.
இன்னும் கீழே போனால் அரசாங்கத்துக்கு.

குழியில் இறங்கியது மூன்று பேர்:
சிவனு, சந்தனம், அக்கரைக் கிராமத்துச் சுனிமல்.
ஒரு மெழுகுதிரி. என்னுடைய மாச்சல்லடை.
கல்லை நம்பி வைக்க
எங்கள் வீடுதான் தோது என்றார்களாம்.

விடிந்ததும் உப்புப் போத்தலைக் கவிழ்த்தேன்.
பச்சை.
பீலியடிப் பாசியின் பச்சை.

சிவனு என்னைப் பார்த்தான்,
பதினாறு வருஷத்தில் பார்க்காத ஒரு பார்வை.
நானும் பார்த்தேன்:
வழியில் எவளிடம், எந்தக் கடையில்
மாற்றிவிட்டு வந்தாய்?

சந்தனம் அரிசிச் சாக்கைக் கொட்டினான்.
சாமிப்படத்தின் பின்அட்டையைக் கிழித்தான்.
சுனிமல் வாசலில் நின்று
வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தான்.
கொண்டையை அவிழ்த்துக் காட்டச் சொன்னது
சந்தனம்தான்.
என் மகளுக்குக் காது குத்தும்போது
மடியில் வைத்திருந்தவன்.
அவிழ்த்தேன்.
ஒரு ஊசி விழுந்தது.

அதற்கப்புறமும் மலைக்குப் போகவேண்டும்,
பதினெட்டுக் கிலோ.
பறிக்கும்போது பச்சை,
ஸ்டோரில் வாட்டி அரைத்தால் கறுப்பு,
வெந்நீர் பட்டால் சிவப்பு.
இத்தனை நிறம் மாறுவதை
முதுகில் சுமந்து நிறுத்துக் கொடுக்கிறேன்.
ஒருவரும் திரையை இழுத்துவிட்டு
அதை உற்றுப் பார்த்ததில்லை.

நாலாம் நாள் மழை. கரண்ட் போனது.
வெள்ளை பல்பு செத்த காம்பிராவில்
மகளின் கணக்குக் கொப்பிக்கு
மெழுகுதிரி ஏற்றினேன்.
கை தட்டிப் போத்தல் சாய்ந்தது,
உப்போடு உருண்டது கல்.
"அம்மா, நெருப்பு விழுந்திருச்சு!"

எடுத்தேன். சுடவில்லை.
நாவல் பழத்தைக் கடித்த சிவப்பு.
ஜன்னலைத் திறந்தேன், ஒரு மின்னல்.
அந்த ஒரு நொடி, பச்சை.
திரும்ப மெழுகுதிரி. திரும்பச் சிவப்பு.
ஒரே கல் இரண்டு சாட்சி சொல்கிறது,
இரண்டும் பொய்யில்லை.

சிவனுவை எழுப்பும் முன்
தூங்கும் முகத்தருகே
திரியை ஒருமுறை கொண்டுபோனேன்.
அதே முகம்தான்.

சொன்னேன். சந்தனம் சிரித்தான்.
புருஷனைக் காப்பாத்த நல்ல கதை, என்றான்.
கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவோம் என்று
ஹட்டனுக்கு பஸ் ஏறினோம்.
நானும் வருவேன் என்று நின்றேன்.

ஃபாஸ்லி முதலாளி ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.
"சின்னப் பச்சை. உள்ளே கீறல்.
முப்பதாயிரம்."
சந்தனம் கையை நீட்டிவிட்டான்.

"முதலாளி,
அந்தத் திரையை மூடிட்டு
ஒரு மெழுகுதிரி கொளுத்துங்க."

முதலில் நிறம் மாறியது
கல் இல்லை.

பிறகு அதன் பெயரைச் சொன்னார்,
எங்கேயோ ஆண்ட ஒரு ராசாவின் பெயராம்,
என் வாயில் நிற்கவில்லை.
இந்தத் தொழிலில் முப்பது வருஷம்,
கையில் பிடித்தது இது மூன்றாவது என்றார்.
மூன்றாகப் பிரித்த காசில் எங்கள் பங்குக்கு
அடகிலிருந்த தோடு வந்தது,
மகளின் டியூஷன், கூரைத்தகரம்.
கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

சந்தனம் நேற்று வந்தான்.
உச்சி வெயில். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி.
"மன்னிச்சிரு தங்கச்சி."
முகத்தில் கள்ளமில்லை, பார்த்தேன்.
ஆனாலும் சொன்னேன்:

ராவைக்கு வாங்கண்ணே.
மெழுகுதிரி இருக்கு.